சட்னி அரைத்தவர் பெயர்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன டிபன் கடை. வாசல் கரும்பலகையில் விலைப்பட்டியல் இல்லை. "இன்று சட்னி அரைத்தவர்: மலர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் உள்ளே வந்து உட்காருகிறேன்.

"எதுக்குங்க பேரு?" என்று கல்லாவில் இருக்கும் உரிமையாளரிடம் கேட்கிறேன்.

"பேரு போட்டதிலேர்ந்து ஆளுங்க நின்னு பார்க்கறாங்க, உள்ள வராங்க. வேலை செய்யறவங்களும் சும்மா லீவு போடறதில்லைங்க."

அதற்குள் எதிர் மேசைக்காரர் குரலை உயர்த்துகிறார். "யாருங்க அந்த மலர்? சட்னியில உப்பே இல்ல!"

கடையே திரும்பிப் பார்க்கிறது. பலகையில் இருக்கும் பெயரை அழிக்க உரிமையாளர் துணியோடு வாசலுக்கு ஓடுகிறார். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஒரு பெண் வெளியே வருகிறார்.

"நான்தாங்க மலர்." சட்னி வாளியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு ருசி பார்க்கிறார். முகம் சுருங்குகிறது. "ஆமாங்க, மறந்துட்டேன். வேற அரைச்சுத் தரேன்."

பிறகு வாசலைப் பார்த்துச் சொல்கிறார்: "அண்ணே, அழிக்காதீங்க. இதையும் நான்தான் அரைக்கப் போறேன்."

உள்ளே மிக்ஸி ஓடுகிறது. குறை சொன்னவர் மிச்சமிருக்கும் இரண்டு இட்லியைத் தொடாமல் காத்திருக்கிறார்.