செல்வி வீட்டுக்குப் போனவர்

ரேச்சலக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது குர்லா ஸ்டேஷனில் நின்றிருந்தேன். அதற்குக் கீழேயே நம் பழைய மானேஜர், "நேர்மையின் மறுபெயர்" என்று எழுதிக் கைகூப்பியிருந்தார். இந்த மனுஷனுக்குக் கூச்சமே கிடையாதா?

நம் தையல் கம்பெனியில் வேலை பார்த்த உங்களுக்கு அக்காவைத் தெரியும். கொங்கணக் கரையின் பழைய யூதக் குடும்பம். வீட்டில் மராட்டி, சூப்பர்வைசராக நம்மோடு பழகிப் பழகி, நம் திருநெல்வேலித் தமிழும் வந்துவிட்டது. வருடா வருடம் பாவ மன்னிப்புக்கான அவர்களுடைய பெரிய நோன்புக்கு முன்னால் மெஷின் மெஷினாக வருவார். "ஏட்டி, ஏசிருந்தா மன்னிச்சிரு. மனசுல வச்சிருந்தா இப்பமே சொல்லிரு." நாம் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

துணி வெட்டுகிற கட்டிங் முருகேசன் நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டுக்குப் போகக் கேட்ட நாளை மறந்திருக்க மாட்டீர்கள். "ஆர்டரை முடிச்சிட்டுப் போ" என்றார் மானேஜர். முருகேசன் முடித்துவிட்டுத்தான் போனார். ரயிலிலேயே உயிர் போய்விட்டது. மானேஜர் கம்பெனியில் பூஜை போட்டார், தேங்காய் உடைத்தார், கோயிலில் அன்னதானமும் செய்தார். முருகேசன் மனைவி செல்வியின் வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

நம் எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டார்: "சாப், முருகேசனுக்குச் செஞ்ச தப்பை சாமி எப்படி மன்னிப்பாரு? எங்க பெரியவங்க சொல்லுவாங்க, மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்கிட்டதான் கேக்கணும்னு. அவன் இல்ல. செல்விகிட்ட போங்க."

"நான் எந்த ரூலை மீறினேன்?" என்று எகிறினார் மானேஜர்.

"எங்க வேதத்துல, முதமுதல்ல அண்ணன் தம்பியக் கொன்னப்போ எந்த ரூலு இருந்துச்சு? அப்பவும் தம்பி எங்கன்னு கடவுள் கேக்கத்தான செஞ்சாரு? சட்டம் வர்றதுக்கு முந்தியே மனசுக்குத் தெரியும், சாப். அன்னைக்கு உங்களுக்கும் தெரியும். வாய மூடிட்டு நின்ன எனக்கும் தெரியும்."

அடுத்த மாதமே அக்காவுக்கு வேலை போனது.

அந்த வருட நோன்புக்கு முன்னால் அக்கா, லேபர் கேம்ப் குடியிருப்பில் இருந்த செல்வி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். செல்வி முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். மறுபடியும் போனோம். அப்போதும் சாத்தினாள். விடாமல் போனார். கடைசியில் கதவைத் திறந்து, "நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்று அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அக்காவும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் அக்காவுக்கு இரங்கல் கூட்டமாம். மானேஜர் தலைமையாம்! அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தம்பி எங்கே என்ற அந்தக் கேள்விதான். அன்றைக்கு மேடையேறிக் கேட்கத்தான் போகிறேன்: முருகேசன் எங்கே, சாப்? ஹாலிலிருந்து லேபர் கேம்ப் நடக்கிற தூரம்தான். மாலையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். கதவைத் திறப்பதும் திறக்காததும் செல்வியின் இஷ்டம்.