ஜாடி அறையில் அத்தை

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் வீட்டுப் பின்னறையில் அத்தை ஒயின் போட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி போடுகிற வழக்கம் எங்கள் சபையில் பல வீடுகளில் உண்டு. யாரும் தப்பாக நினைப்பதில்லை. அத்தை போட்டது ஆறு ஜாடி, அதுவும் ஆகஸ்ட் மாதத்தில். சந்தேகப்பட அது போதாதா?

அவர் அப்பாவின் தங்கை. வேதியியல் படித்தவர், கல்யாணம் வேண்டாம் என்றவர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று, கம்பம் பஸ்ஸில் வரும் பன்னீர் திராட்சைப் பெட்டிகளைத் தானே இறக்கி ஆட்டோவில் ஏற்றி வருவார். சபைகளில் திருவிருந்துக்கு வைக்கும் திராட்சரசத்தை முறையாக லைசென்ஸ் வாங்கித் தயாரிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். "மதுரைப் பக்கம் ஒரு பொம்பளையும் இதத் தொழிலா எடுத்துச் செஞ்சதில்ல மருமகளே. உங்க அத்தைதான் மொத ஆளு" என்பார். மனுவோடு இணைக்கப் போதகர் ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது. சபைக் கமிட்டியில் இருந்த அப்பா அதைக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அம்மாவின் அண்ணன் குடித்தே செத்தவர்.

"இம்புட்டும் சபைக்காக்கும்? சாயங்காலமானா கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன வேல? வாயெல்லாம் செவந்துல்ல வாரா!" என்று முனகிய அம்மா, என்னைக் கூப்பிட்டார். "நீ போனா சந்தேகப்பட மாட்டா. வாயில வைக்கிறாளான்னு மட்டும் பாத்துட்டு வா."

ஜாடி வாயில் துணி கட்ட உதவுகிறேன் என்று உள்ளே நுழைந்தேன். நுரைத்த ஜாடிகளுக்குள் யாரோ முணுமுணுப்பது போலிருந்தது. அத்தை ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்துக்குள் உருட்டினார். பிறகு ஒரு சட்டியில் துப்பிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதினார். ஆறு ஜாடிக்கும் ஆறு முறை துப்பினார்.

எங்கள் வீட்டில் திரிந்த பாலையும் கசந்த வெள்ளரிக்காயையும்தான் துப்புவோம். அப்படியென்றால் ஆறு ஜாடியும் கெட்டுவிட்டது, அத்தை மறைக்கிறார். இது வெளியே தெரிந்தால் போதகர் கடிதம் தருவாரா?

"வச்சாளா?" என்றார் அம்மா.

"வச்சாங்க."

"எத்தன வாட்டி?"

"ஆறு ஜாடியிலயும்."

"அப்புறம்?"

"நோட்டுல எழுதுனாங்க."

நான் பொய் சொல்லவில்லை, ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். இன்று என் மகளிடம் பள்ளியில் நடந்ததைக் கேட்டுவிட்டு, எதை விட்டாளோ என்று மறுபடியும் கேட்கிறேன். அவள் முகத்தைச் சுளிக்கிறாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அத்தை கேட்டார்: "அண்ணே, லெட்டர் என்னாச்சு?"

"குடிக்கிற பொம்பளைக்கு நான் போயி லெட்டர் கேக்கவா? இன்னைக்கே எல்லாத்தையும் கொட்டிரு."

"குடிக்கிறேனா? ஒரு சொட்டு முழுங்குனதில்லண்ணே. ருசி பாக்காம எப்படி—"

"ஆறு ஜாடியிலயும் ருசி பாப்பாகளாம்!" என்றார் அம்மா. "புள்ள கண்ணால பாத்துருக்கு. அது பொய் சொல்லுமா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு பின்னறைக்குப் போய்விட்டார்.

யாரும் பார்க்காதபோது நானும் போனேன். அவரைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவரின் காதருகே குனிந்து, "நீங்க துப்புனத நான் சொல்லவே இல்ல அத்தை" என்றேன்.

"ஏன்?"

"கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா லெட்டர் தர மாட்டாங்கள்ல?"

அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "இனியும் சொல்லாத. ஏன் மொதல்லயே சொல்லலன்னு உங்கம்மா ஒன்னயத்தான் வெளுப்பா" என்று சொல்லிவிட்டு, முதல் ஜாடியை வாய்க்கால் பக்கம் நகர்த்தினார்.

நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். கெட்டதை ஒருவழியாகக் கொட்டுகிறாரே என்று எனக்கு நிம்மதி. ஆறாவது ஜாடியைக் கவிழ்த்தபோது தெரு முழுக்க மணத்தது. கெட்டுப்போனது இப்படி மணக்குமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.