இருபத்திரண்டு கிலோ இறால்

நான் எட்டாம் தரத்தில் படித்தபோது, வவுனியாவிலிருந்து ஒரு மிஸ் ஆய்வுக்காக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அப்பிளையும் ரயிலையும் வைத்துக் கணக்குக் கேட்டால் முல்லைத்தீவுக் கரைப் பிள்ளைகள் விழிக்கிறார்களாம். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே கேட்டால் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாராம். அதனால், நேற்று அப்பாவுக்குக் கடலோரக் களப்பில் எத்தனை கிலோ இறால் பட்டது என்று ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லச் சொன்னார். அந்த எண்களுக்கு இடை, அதாவது சராசரி, காணவேண்டும். எந்த எண் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கிறது, ஏன் என்றும் எழுதவேண்டும்.

நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் கரையில் அது பூட்டிய அலுமாரியின் திறப்பைக் கேட்பது மாதிரி என்று அவருக்கு யார் சொல்வது? அந்தக் கிழமை என் அப்பா களப்பில் நல்ல இடமொன்று கண்டிருந்தார். வெளியே தெரிந்தால் மறுநாளே அங்கே இருபது வலை விழும். அந்தப் பருவத்துக்கு எங்களுக்கு வேறு நம்பிக்கை இல்லை. இரண்டு கிலோவை மட்டும் கரையிலும் மீதியை அடுத்த ஊரிலும் விற்றார். யார் கேட்டாலும் இரண்டு கிலோ என்று சொல்லும்படி எங்களுக்குக் கட்டளை. கணக்குப் பாடத்துக்கு அது பொருந்தாது என்று நான் நினைத்துவிட்டேன். பொய் எண் கொடுத்தால் இடை பிழையாகிவிடுமே.

மூன்று, இரண்டு, நான்கு என்று வந்துகொண்டிருந்தது. நான் இருபத்திரண்டு என்றேன்.

முன்வாங்குப் பெடியன்கள் திரும்பினார்கள். அவர்களின் அப்பாமாருக்கும் அதே களப்புத்தான். மிஸ்ஸோ மகிழ்ந்துபோய்க் கரும்பலகையில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, அப்பா எந்தப் பக்கம் வலை வீசினார் என்று கேட்டார். கணக்கு இடம்வரை போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பக்கத்திலிருந்த என் சிநேகிதி எழும்பினாள்.

"மிஸ், அவள் பிழையாச் சொல்லிப்போட்டாள். ரண்டு கிலோதான். நான் கண்டனான்."

உண்மையா என்று மிஸ் என்னைக் கேட்டார்.

"ஓம், மிஸ்."

பெடியன்கள் சிரித்தார்கள். மிஸ் வட்டத்தை அழித்தார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் சிநேகிதி மேல்தான். எல்லோர் முன்னாலும் என்னை எண்ணத் தெரியாத மொக்கு ஆக்கிவிட்டாளே. எங்களுக்கு நிறையப் பட்டதில் அவளுக்கு எரிச்சல் என்று நம்பி, அந்தப் பள்ளித் தவணை முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

அந்தக் கிழமை அவளுடைய அப்பா அதே களப்பிலிருந்து வெறும் வலையோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இறால் குவிந்து கிடந்ததை அவள் கண்ணாலேயே கண்டவள். வீட்டில் போய் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் அவளைத் திரும்பியும் பார்க்காத அந்த நாட்களில்கூட, என் அப்பாவின் இடத்தில் வேறு வலை விழவே இல்லை.