பாதிப் பின்னலோடு பஸ் ஏறக்கூடாது

காலை ஏழு நாற்பது. வடமதுரை பேருந்து நிறுத்தத்தில் முதலில் கண்ணில் படுவது ஒரு பள்ளிச் சிறுமியின் தலை. இடப்பக்கம் சடை பின்னி மடித்துக் கட்டியிருக்கிறது. வலப்பக்கம் முடி விரிந்து கிடக்கிறது. அம்மா அவசரமாகச் சீவுகிறார். எட்டரைக்குத் திண்டுக்கல்லில் கபடி அணித் தேர்வு. திண்டுக்கல் பேருந்து வந்து நிற்கிறது. இதை விட்டால் நேரத்துக்குப் போக முடியாது.

"விடும்மா, பஸ்ஸுல நானே பின்னிக்கிறேன்."

"பாதித் தலையோட வண்டி ஏறுனா போற காரியமும் பாதியில நின்னுரும்டி."

"அந்தப் பக்கத்தை நான் பின்னட்டுமா?" என்று பக்கத்தில் நிற்கும் நான் கேட்கிறேன்.

"ஐயோ வேணாங்க்கா! ஒரு தலைய ரெண்டு பேரு பின்னுனா ஆகாது."

நடத்துநர் படியில் தொங்கியபடி, "யக்கா, கபடிக்கா அனுப்புறீக, கல்யாணத்துக்கா?" என்கிறார். பேருந்துக்குள் சிரிப்பு.

"செத்த நேரம் பொறுங்கண்ணே!"

மறுபக்கத்தையும் பின்னி மடித்து ரிப்பன் கட்ட நேரமில்லை. அம்மா பின்னி முடித்த சடையை ஒரே இழுப்பில் அவிழ்க்கிறார். மொத்த முடியையும் சேர்த்து அள்ளி, மளமளவென்று ஒற்றைச் சடையாகப் பின்னி, மடிக்காமல் ஒரு ரிப்பனால் கட்டுகிறார். சிறுமி தாவி ஏறுகிறாள்.

பேருந்து கிளம்பும்போது அம்மாவின் கையில் ஒரு ரிப்பன் மிச்சம் இருக்கிறது.