நாற்காலிக் காலில் குங்குமம்

என் வீட்டுக்காரர் சக்கரபாணி திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்தக் காலத்தில் சோப்போடும் மில்துணியோடும் இலவசமாகக் கொடுத்த விளம்பரப் பட அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பார். "இந்தக் குப்பைக்கா லீவு போடுறீங்க?" என்று நான் கத்தாத வாரமில்லை.

"குப்பையா? யாரு எப்படிச் சேலை கட்டினா, யாரு வூட்டுல காபி குடிச்சா, எல்லாம் இதுல இருக்குதுடி" என்பார்.

ஒரு சோப்புக் கம்பெனி வரிசையில் ஒரே ஓர் அட்டை மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை. கால்மேல் கால் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பெண். ஆல்பத்தில் அந்த இடம் வருஷக்கணக்காகக் காலி. மனுஷன் அதைத் தடவித் தடவிப் பெருமூச்சு விடுவார்.

போன மாதம் டிரைவர் விருத்தாசலம், காணை கிராமத்தில் தன் சித்தி வீட்டில் அது இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான், இவர் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். சித்தி அம்மணி, காலமெல்லாம் கழனி வேலை செய்தவர். சாமி படங்களுக்கு நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை! இவர் நேரே அதன் முன்னால் போய் நின்றார்.

"அடப்பாவமே, சோப்பு விளம்பரத்தை சரஸ்வதின்னு கும்பிடுறாங்க" என்று கிசுகிசுத்தேன்.

"குங்குமம் எங்க இருக்குதுன்னு பாரு" என்றார் இவர்.

படத்துப் பெண்ணின் நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லை. கண்ணாடிமேல், அந்த நாற்காலியின் கால்களில்தான் குங்குமம் அப்பியிருந்தது.

என் கிசுகிசுப்பு அம்மணி காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். "சோப்பு விக்கிற பொம்பளைன்னு தெரியாதாம்மா? எங்க மாமியா காலத்துல செருப்பு போட்டுக்கினு ஊருக்குள்ள போவ முடியாது. நாற்காலிய தொடைக்கலாம், உக்கார முடியாது. இவ எப்படி உக்காந்துகினு இருக்கா பாரு! எங்க வூட்டுப் பொண்ணு ஒருத்தியாச்சும் இப்படி உக்காரணும்னு வேண்டிக்கினாங்க. அவுங்க வைக்க ஆரம்பிச்ச பொட்டு அது."

அப்போது வாசலில் ஸ்கூட்டி நின்றது. அம்மணியின் மகள் அமலா, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. "வாங்க" என்று எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, தானும் ஒன்றில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். அம்மணி எழுந்து போய்ப் படத்துக்குப் புதிதாகக் குங்குமம் வைத்தார். தினமும் மகள் வந்து உட்கார்ந்ததும் இப்படித்தானாம்.

இவர் அட்டையைக் கேட்கவேயில்லை. படத்தைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தைத் திறந்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்துவந்து அதில் ஒரு பொட்டு வைத்தேன். ஆல்பத்தில் விரல் பட்டாலே குதிக்கிற மனுஷன், உதிர்ந்த குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.