ஈரக்கோட்டின் ஓரமாகக் கடலுக்கு

சாலைகளில் வெள்ளைக் கோடு போடுவது அவருக்குத் தொழில். பதினாறு ஆண்டுகளாக அதுதான். கூட வேலை செய்பவர்களுக்கு அவர் ‘ஸ்கேல் அண்ணன்’. கோடு அரை விரல் கோணினாலும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். காயாத கோட்டில் எவனாவது வண்டியை ஏற்றிவிட்டால் போதும், கொடியைத் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் துரத்துவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் மட்டும் சொல் சுத்தம் இல்லை என்று பெயர். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதாக நான்கு முறை சொல்லி, நான்கு முறையும் கைவிட்டிருந்தார். இரண்டு தடவை அவசர வேலை, ஒரு தடவை மழை, ஒரு தடவை சின்னவனுக்குக் காய்ச்சல். ஐந்தாவது முறை சொன்னபோது ஆறு வயது மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“கிளாஸ்ல சொல்லிட்டு அப்புறம் அசிங்கமா போகுதுப்பா. இந்தத் தடவை போயிட்டு வந்தே சொல்லிக்கிறேன்.”

அது அவரைச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே அலுவலகத்தில் நின்று ஞாயிற்றுக்கிழமை விடுப்பு வாங்கினார். அன்றைக்குத் தனக்கிருந்த பதினான்காம் பகுதி வேலையை இன்னொரு குழுவுக்குத் தன் கையாலேயே மாற்றி எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை கிளம்பி, பாதி வழியில் மச்சான் வீட்டில் தங்கினார்கள். மனைவியின் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது.

“மாப்ளே, கடல் எந்தப் பக்கம்னாவது தெரியுமா? இல்ல, நாங்க யாராவது கூட வரணுமா?”

“நாளைக்கு அலைச் சத்தத்தையே போன்ல கேப்பீங்க, மச்சான்.”

ஞாயிறு காலை கிளம்பியிருக்க வேண்டியவர்கள் மதியம் கிளம்பினார்கள். மச்சான் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தப்ப முடியவில்லை. வழியில் சின்னவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். கடைசித் திருப்பத்தில் வண்டி திரும்பியபோது மணி ஐந்து இருபத்துநாலு. எதிரே சிவப்புத் தடுப்புகள், கொடிகள், சாலை நடுவே கோடு போடும் வண்டி.

அவர் பிரேக்கை அழுத்தினார். பதினான்காம் பகுதி! சாலைகளை எண்ணாகவே பார்த்துப் பழகிய மனிதர். அந்த எண் கடற்கரைச் சாலைக்குரியது என்பது அப்போதுதான் உறைத்தது.

குழுத் தலைவன், எல்லாரும் சுருட்டை என்று கூப்பிடுகிறவன், சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். “அண்ணே! லீவு போட்டும் மேற்பார்வையா? நடுக்கோடு, ஓரக்கோடு ரெண்டும் இப்பத்தான் போட்டோம். கடல்காத்துல ஈரம், காய ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு என்ன, அப்படியே ஏத்திட்டுப் போங்க. தொட்ட இடத்தை நாங்க திருப்பிப் போட்டுக்கிறோம்.”

“எத்தனை பேரைத் துரத்தியிருக்கேன்டா நான்.”

“துரத்துறவரே ஓட்டினா யார் துரத்துவாங்கண்ணே?”

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், அழுகை இல்லாமல், மெதுவாக வந்தது. “பரவால்லப்பா. திரும்பிப் போலாம்.”

சூரியன் மறைய ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் நூறு மீட்டர். அவர் வண்டியை ஓரங்கட்டினார். சின்னவனைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார்.

“எல்லாரும் இறங்குங்க. நடக்கிறோம்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “கோட்டுக்கு இருக்கிற மரியாதை கட்டினவளுக்கு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்றபடியே குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஈரக்கோட்டுக்கு வெளியே, சரளை மண்ணில், ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மகள்தான் முன்னால். முதல் கிலோமீட்டர் முழுக்கச் சரளைக் கற்களை உதைத்துக்கொண்டே போனாள். பிறகு காற்றில் உப்பு வாடை வந்தது, நடை ஓட்டமானது.

“அப்பா, சீக்கிரம்! வெயில் போகுது!”

“ஓடாதடி, கோட்டை மிதிச்சிடப்போற!” என்று கத்திக்கொண்டே அவரும் ஓடினார். தோளில் இருந்தவன் அவர் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கெக்கலித்தான்.

மணலில் கால் வைத்தபோது மணி ஆறு இரண்டு. பதினேழு நிமிடம் முழுசாக மிச்சம். சட்டையோடு, கவுனோடு, காற்சட்டையோடு நால்வரும் தண்ணீரில் நின்றார்கள். முதல் அலை மகளின் இடுப்பு வரை வந்து அடித்தது. அவள் போட்ட கூச்சலில் கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் போனை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“கேக்குதா மச்சான்? கேக்குதா?”

மச்சான் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அலை அவ்வளவு சத்தம்.

திரும்பி வந்தபோது கோடு காய்ந்திருந்தது. அவர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். நேராகத்தான் போட்டிருந்தான் சுருட்டை.

திங்கட்கிழமை மகள் வகுப்பில் எழுந்து நின்று, கடலுக்கு நடந்தே போனதாகச் சொன்னாள். எவ்வளவு தூரம் என்று டீச்சர் கேட்டதற்கு, “ரெண்டு கிலோமீட்டர் நூறு மீட்டர். எங்கப்பா போட்ட கோட்டு ஓரமாவே” என்றாளாம்.

அந்தக் கோட்டை அவர் போடவில்லை. கேள்விப்பட்டபோது திருத்த வாயெடுத்தார்; மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.