மாடி வீட்டுப் புகை

கறிக்குப் புகை போட்டு விற்கிறவர்களுக்குக் கண்ணெரிச்சல் தொழிலோடு வருவது. எனக்கு அது மாடியிலிருந்தும் வந்தது. என்னைப்போல புகை போடும் டிரம் முன்னால் உட்காரும் சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். அனகாபுத்தூரில் கீழ்வீடு எனக்கு, மாடி என் ஓரகத்தி ஸ்டெல்லாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறவர்களுக்குப் புகைபோட்ட பன்றிக்கறி விற்க ஆரம்பித்தது நான்தான். அதைப் பார்த்து அவளும் மொட்டைமாடிக்கு ஒரு இரும்பு டிரம்மை ஏற்றினாள். அப்புறம் என் ஆட்கள் என் வாசலைத் தாண்டி அவள் படியேற ஆரம்பித்தார்கள்.

சாம்பிராணிக் கை

பிள்ளைகளைத் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டின கை இது. புகை என்றால் வெள்ளை வெளேரென்று குபுகுபுவென வர வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன புகை? கட்டையில் தண்ணீர் தெளித்து, டிரம்மின் ஓட்டைகளை ஈரச் சாக்கால் அடைத்து, ஒரு இழை வெளியே போகாமல் பிடித்தேன். கறி கறுகறுவென்று மினுங்கியது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

கோவிலம்பாக்கத்திலிருந்து வரும் வாத்தியார் ஒருவர் வாங்கிப்போனார். அடுத்த வாரம் நேராக மாடிக்குப் போனவரை மறித்துக் கேட்டேன். நல்ல மனுஷர், என் மனசு நோகாமல்தான் சொன்னார்: “கறி நல்லா வெந்திருந்துச்சும்மா. சாப்பிட்டப்புறம்தான் நாக்கு மரத்துப்போச்சு, பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி.”

பம்மல் விறகுக்கடை

கட்டையில்தான் ரகசியம் என்று முடிவு கட்டினேன். ஸ்டெல்லா விறகு வாங்கும் கடை பம்மலில். அங்கேயே போய், அவளுக்குக் கொடுப்பதையே எனக்கும் கொடு என்றேன். கொய்யாக்கட்டை கொடுத்தான். கொண்டுவந்த கையோடு கொளுத்தினேன். முனையில் நுரை தள்ளிச் சீறியது, தெருவே இருமியது. ஏமாற்றிவிட்டான் என்று ஷேர் ஆட்டோ பிடித்துச் சண்டைக்குப் போனேன். கடைக்காரன் தராசை விட்டுக் கண்ணைக்கூட எடுக்கவில்லை: “அதே கட்டைதான்க்கா. அந்தம்மா வாங்கினு போய் மாடியில வெயில்ல காயவுடுது. நீ ஈரத்தையே கொளுத்திட்டு என்னாண்ட சண்டைக்கு வர்றியே.”

அணைந்த அடுப்பு

துணி காயப்போடும் சாக்கில் ஒரு ஞாயிறு மொட்டைமாடியில் எட்டிப் பார்த்தேன். மூடியில் இடைவெளி, அடியில் ஓட்டை திறந்து கிடக்கிறது, புகையையே காணோம். சந்தோஷத்தில் படி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கினேன். மாடிக்குப் போக வந்த மேரி அக்காவை நிறுத்தி, மேலே அடுப்பு அணைந்துவிட்டது, என்னிடம் வாங்கிக்கோ என்றேன். எதற்கும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறினார்.

திரும்பும்போது கையில் பொட்டலம். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். தின்றேன். அந்த ருசியைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அவர் போகிறபோக்கில் சொன்னது இதுதான்: “அணையலடி, நல்லாதான் எரிஞ்சிகினு கீது. புகை நூலாட்டம் நீலமா போவுது, வெயில்ல உன் கண்ணுக்குத் தெரியல.”

ஈஸ்டர் ஆர்டர்

ஈஸ்டர் விருந்துக்கு மொத்தமாகப் புகைக்கறி வேண்டும், இரண்டு பேரும் ருசி பார்க்கக் கொண்டுவாருங்கள் என்று பாஸ்டரம்மா சொல்லியனுப்பினார். இதுவும் மாடிக்குப் போனால் என் டிரம் பழைய இரும்புக்கடைக்குத்தான். இந்த முறை ஒரு ஓட்டையையும் அடைக்கவில்லை. காய்ந்த கட்டையை மெலிசாகப் பிளந்தேன். முதலில் வரும் வெள்ளைப் புகை போகட்டும் என்று காத்திருந்து, நீலம் தெரிந்த பிறகுதான் கறியைத் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து, அணைந்துபோச்சே என்று சாக்கால் மூடப் பார்த்தார், கையைத் தட்டிவிட்டேன். கறி தேன் நிறத்தில் இறங்கியது. துளி கசப்பு இல்லை.

பாஸ்டரம்மா என்னுடையதைத் தின்றார், ஸ்டெல்லாவுடையதைத் தின்றார், மறுபடியும் என் தட்டிலிருந்தே எடுத்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஸ்டெல்லாவைப் பார்த்தேன். பாஸ்டரம்மாவும் அவளைத்தான் பார்த்தார்: “ரெண்டும் ஒரே கைப்பக்குவம், ஆளுக்குப் பாதி செஞ்சிடுங்க. ஸ்டெல்லா, உங்க அக்காவுக்கு நீ நல்லாவே கத்துக்குடுத்திருக்கேம்மா.”

டிரம்மிலிருந்து சுத்தமான புகையை வரவைத்துவிட்டேன் சகோதரிகளே, ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையைத்தான் என் வாயிலிருந்து இன்னும் வரவைக்க முடியவில்லை.